மாலை ஜூஸ் பாக்கெட்டும் நான்கு வயதுப் பல்லும்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். மகளுக்கு நான்கு வயது, மகனுக்குப் பதினொரு மாதம். மகளுக்கு இதுவரை குளிர்பானம் எதுவும் கொடுத்ததில்லை. ஆனால் உங்கள் மாமனார் தினமும் மாலையில் அவளைத் தெருமுனைக் கடைக்குக் கூட்டிப்போய் ஒரு மாம்பழ ஜூஸ் பாக்கெட்டும் இரண்டு மிட்டாயும் வாங்கித் தருகிறார். கேட்டால், 'இந்த வயதில் சாப்பிடாமல் எந்த வயதில் சாப்பிடுவது' என்கிறார். மாமியார் சின்னவனின் பாலில் பனங்கற்கண்டு கரைத்துப் புட்டியில் ஊற்றித் தூங்கவைக்கிறார். எந்த வயதிலிருந்து இனிப்பு கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் வயதும் அளவும் இருந்தாலும், நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்று எனக்குப் படுகிறது. வீட்டில் இதை யார் முடிவு செய்வது, பெரியவர்கள் மனம் நோகாமல் எப்படி முடிவு செய்வது? அதற்கும் வருகிறேன்.

நான் குழந்தைகள் பல் மருத்துவர். பல வருடங்களாகக் குழந்தைகளின் வாய்க்குள் பார்த்தே பழகிய கண் என்னுடையது. அதனால் பல்லைப் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். எடை, வளர்ச்சி, ரத்தச் சர்க்கரை ஆகியவற்றில் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டதை மட்டும் சொல்கிறேன். உங்கள் பிள்ளைக்கு என்று வரும்போது அவளை எடை போட்டு, உயரம் அளந்து பார்த்துவரும் குழந்தை மருத்துவர் சொல்வதே செல்லும்.

முதலில் சின்னவன், ஏனென்றால் அவன் விஷயம்தான் அவசரம். அந்தப் பனங்கற்கண்டுப் புட்டியை இன்றிரவே நிறுத்தலாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். உமிழ்நீர்தான் பல்லைக் கழுவும், அமிலத்தைச் சரிக்கட்டும். புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தை தூங்கிவிட்டால், இனிப்புப் பால் மேல்வரிசை முன்பற்களைச் சுற்றி மணிக்கணக்கில் தேங்கி நிற்கும். கீழ்வரிசை முன்பற்களை நாக்கு மூடிக்கொண்டிருப்பதால் அவை பெரும்பாலும் தப்பித்துவிடும். இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று வாயைத் திறக்கும்போது மேலே நான்கு பற்களும் பழுப்பேறி, கரைந்து, ஈறோடு முளைகளாக நிற்க, கீழே நான்கும் அரிசி போல் வெள்ளையாக இருந்தால், இரவுப் புட்டியைப் பற்றித்தான் நான் முதலில் கேட்பேன். 'சாக்லேட் என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது, டாக்டர்' என்று கூட வந்த பாட்டி சத்தியம் செய்வார். பொய் சொல்லவில்லை. பாலில் போட்ட கற்கண்டை அவர் இனிப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான்.

நாளைக் காலை வெளிச்சத்தில் மகனின் மேலுதட்டை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு போல மங்கலான வெள்ளை வரி தெரிகிறதா? அதுதான் சொத்தையின் முதல் படி. அந்த நிலையில் குழி விழுந்திருக்காது. சர்க்கரையை நிறுத்தி, புளூரைடு பற்பசையை அரிசி மணி அளவு தடவித் துலக்கிவந்தால் பல் திரும்பத் தேறக்கூடும். பழுப்பாகிவிட்டால் காத்திருக்காமல் பல் மருத்துவரிடம் போக வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி போலக் குடிநீரிலேயே புளூரைடு கூடுதலாக உள்ள பகுதியில் இருந்தால், பற்பசையைப் பற்றியும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலை நிறுத்தச் சொல்லவில்லை. வெறும் பாலில் உள்ள இயற்கைச் சர்க்கரை பல்லை அவ்வளவாகத் தாக்குவதில்லை. கற்கண்டும் சீனியும்தான் வில்லங்கம். தாய்ப்பாலை இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது, நானும் அதையே சொல்வேன். ஒரு வயதுக்குப் பிறகு இரவு முழுக்கத் தாய்ப்பால் குடிப்பது சொத்தையைக் கூட்டுமா என்பதில் மட்டும் ஆய்வுகள் ஒருமுகமாக இல்லை. பகலில் வேறு இனிப்பும் சாப்பிடும் பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுவதாகத்தான் தெரிகிறது. பல் முளைத்துவிட்டால், படுக்கும் முன் துலக்கிவிடுவது எல்லோருக்கும் பொது.

இனி வயது. இரண்டு வயது வரை சேர்க்கப்பட்ட சர்க்கரை வேண்டாம் என்பதில் அமெரிக்க இதய சங்கம் முதல் நம் ஊர்க் குழந்தை மருத்துவர்கள் வரை ஏறக்குறைய ஒரே குரல்தான். ஒரு வயதுக்குள் தேன் தொட்டு வைக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்துகள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து, நரம்புகளை முடக்கும் நஞ்சை உண்டாக்கிவிடலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. தென்மாவட்டங்களில் பிறந்த பிள்ளையின் நாக்கில் இனிப்பு தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் இதைச் சொல்வது சங்கடம். உறவில் மூத்தவர் வந்து சம்பிரதாயத்துக்குப் பிள்ளையின் உதட்டைத் தாய்ப்பாலில் நனைத்த விரலால் தொட்டுவிட்டால் போதும் என்று சொல்லிவிடுவேன், பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

பானங்களைப் பற்றி இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2019ல் வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரம் இது. இரண்டு வயதுக்குள் பழச்சாறே வேண்டாம். இரண்டு முதல் ஐந்து வயது வரை கொடுத்தே ஆக வேண்டுமென்றால், புதிதாகப் பிழிந்த சாறு நாளைக்கு 125 மில்லிக்குள். அதற்கு மேல் 250 மில்லிக்குள். ஐந்து வயது வரை சோடா வகைக் குளிர்பானம், டீ, காபி மூன்றும் வேண்டாம். எனர்ஜி டிரிங்க் என்று விற்கப்படுவது பதினெட்டு வயது வரை கிடையாது. கடைசிச் செய்தி பதின்பருவப் பிள்ளை உள்ளவர்களுக்கு. பத்து ரூபாய், இருபது ரூபாய்க்கு மளிகைக் கடையிலேயே கிடைப்பதால் அதைச் சாதாரணக் குளிர்பானம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிறுவர்களுக்கு உகந்ததல்ல என்று டப்பாவிலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள், படித்துப் பாருங்கள்.

இங்கே உங்களைச் சற்று நிறுத்த வேண்டியிருக்கிறது. மகளுக்குக் குளிர்பானம் கொடுத்ததில்லை என்கிறீர்கள். தாத்தா வாங்கித் தரும் மாம்பழ பாக்கெட் குளிர்பானம்தான். வாயு இல்லை, கறுப்பு நிறம் இல்லை, அட்டையில் மாம்பழப் படம் இருக்கிறது. ஆனால் சர்க்கரையின் அளவில் அது கோலாவுக்குக் குறைந்ததில்லை, பல நேரம் கூடுதல். பின்பக்கம் உள்ள அட்டவணையைப் பாருங்கள். கோலா வகைகளில் 100 மில்லிக்கு 10, 11 கிராம் சர்க்கரை இருக்கும். மாம்பழ பானங்களில் பலவற்றில் 12 முதல் 15 கிராம். 150 மில்லி பாக்கெட் என்றால் சுமார் 20 கிராம், அதாவது நான்கைந்து தேக்கரண்டி. வீட்டில் ஒரு டம்ளர் பாலில் நான்கு கரண்டி சீனியை யாராவது போட்டால் நீங்களே கையைப் பிடித்துத் தடுப்பீர்கள்.

அளவுக்கும் இதே கணக்கு உதவும். ஒரு நாளில் கிடைக்கும் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரையிலிருந்து வரக் கூடாது, அதையும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்பது 2015ல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளைக்குச் சுமார் 1,200, 1,300 கலோரி என்று வைத்துக்கொண்டால், மேல் வரம்பு 30 கிராம், நல்ல வரம்பு 15 கிராம் சொச்சம். தாத்தாவின் ஒரு பாக்கெட் நல்ல வரம்பைத் தாண்டிவிடுகிறது. மிட்டாய், பிஸ்கட், காலைப் பாலில் போடும் சீனி எல்லாம் அதற்கு மேல். இந்தக் கணக்கில் தேனும் பழச்சாறும் சேரும். முழுப் பழம் சேராது. ஆரஞ்சைச் சுளையாக உரித்துக் கொடுத்தால் ஒரு பிள்ளை ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும். பிழிந்து கொடுத்தால் மூன்று நான்கு பழத்தின் சர்க்கரை இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விடும், நார் குப்பைக்குப் போய்விடும். ஜூஸ் கடையில் வாங்கினால் அதற்கு மேல் சீனிப்பாகு ஒரு கரண்டி ஊற்றித்தான் அடிப்பார்கள்.

கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, பனங்கற்கண்டு என்று மாற்றிக்கொண்டால் சரியாகிவிடுமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள். பல்லைப் பொறுத்தவரை சரியாகாது. அவற்றிலும் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ் என்ற சர்க்கரைதான். பல்லில் ஒட்டியிருக்கும் கிருமி, பனையா கரும்பா என்று விசாரித்துவிட்டுத் தின்பதில்லை. கருப்பட்டியில் கொஞ்சம் தாதுச்சத்து இருப்பது உண்மை. ஆனால் நான்கு வயதுப் பிள்ளை சாப்பிடக்கூடிய அளவில் அது பெரிதாக ஒன்றும் சேர்க்காது. இரும்புச்சத்துக்கு முருங்கைக் கீரையும் முட்டையும் இருக்கின்றன. கருப்பட்டியை அதன் மணத்துக்காகவும் ருசிக்காகவும் சாப்பிடுங்கள், எனக்கும் பிடிக்கும். மருந்து என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்.

இப்போது நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். எவ்வளவு சர்க்கரை என்பதைவிட, ஒரு நாளில் எத்தனை முறை என்பதுதான் பல்லின் தலைவிதியை எழுதுகிறது. சர்க்கரை வாயில் பட்ட சில நிமிடங்களில் கிருமிகள் அதை அமிலமாக்கிவிடும். அந்த அமிலத்தை உமிழ்நீர் சரிக்கட்டிப் பல்லைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். ஒரு லட்டை உட்கார்ந்து தின்றுமுடித்தால் ஒரு தாக்குதல். அதே சர்க்கரையுள்ள ஜூஸை ஸ்ட்ரா போட்டு, கார்ட்டூன் பார்த்தபடி, முக்கால் மணி நேரம் உறிஞ்சிக்கொண்டிருந்தால் பல்லுக்கு மூச்சுவிட நேரமே இல்லை. அதனால்தான் மிட்டாயையும் பானத்தையும் நான் ஒரே தட்டில் வைப்பதில்லை. ஒன்றை மட்டும் நிறுத்த முடியும் என்றால், நிறுத்த வேண்டியது பானம். வயிற்றுக்கும் அதுவே பொருந்தும்: குடித்த சர்க்கரை பசியை அடக்குவதில்லை என்பது பெரும்பாலான ஊட்டச்சத்து நிபுணர்கள் ஏற்றுக்கொள்வது. தின்ற இனிப்பாவது கொஞ்சம் வயிற்றை நிரப்பும்.

எத்தனை முறை என்பதன் முக்கியத்துவம் தெரியவந்த கதை அவ்வளவு அழகானதில்லை. சுவீடனில் லுண்ட் நகரில் விபேஹோல்ம் என்ற மருத்துவமனை இருந்தது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களை வைத்துப் பராமரித்த இடம். 1940களின் பிற்பகுதியில் அங்கிருந்தவர்களுக்கு, அவர்களின் சம்மதம் என்ற பேச்சே இல்லாமல், விதவிதமாக இனிப்பு கொடுத்துப் பல் சொத்தையைக் கணக்கெடுத்தார்கள். பல்லில் ஒட்டுவதற்கென்றே ஒரு டாஃபியைச் செய்வித்துக் கொடுத்தார்கள். சாப்பாட்டோடு சேர்த்துச் சர்க்கரை சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. இடைப்பட்ட நேரத்தில் ஒட்டும் டாஃபியைத் தின்றவர்களின் பற்கள் நாசமாயின. இன்று எந்த நாட்டு நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத ஆய்வு அது, ஆனாலும் அதன் முடிவைப் பல் மருத்துவம் இன்றுவரை மறுக்கவில்லை. சுவீடன் பெற்றோர் இன்றும் கடைப்பிடிக்கும் 'சனிக்கிழமை மிட்டாய்' வழக்கம் அதிலிருந்து பிறந்ததுதான். வாரத்தில் ஒரு நாள், பிள்ளை தானே தேர்ந்தெடுத்து, வயிறு நிறைய. மற்ற நாட்களில் கிடையாது.

நம் தீபாவளியையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். பண்டிகை அன்று பிள்ளை அதிரசமும் மைசூர்பாகும் தின்னட்டும். வெளுத்துவாங்கட்டும். சாப்பாட்டுக்குப் பிறகு தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்து வாய் கொப்பளித்தால் போதும். என்னைக் கவலைப்படுத்துவது பண்டிகைக்குப் பிந்தைய இரண்டு வாரங்கள். ஃபிரிட்ஜில் டப்பாக்கள் அடுக்கியிருக்க, போகும்போது ஒரு துண்டு, வரும்போது ஒரு துண்டு என்று பத்து முறை கதவு திறக்கும் அந்த நாட்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் எள்ளுருண்டையும் பிஸ்கட்டைவிடச் சத்துள்ளவை என்பதில் மறுப்பில்லை. ஆனால் அவை கடைவாய்ப் பற்களின் பள்ளங்களில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். அதனால் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கொடுங்கள், மாலையில் கையில் கொடுத்து விளையாட அனுப்பாதீர்கள்.

'பால் பல் எப்படியும் விழத்தானே போகிறது' என்று யாராவது சொன்னால், முன்பற்கள்தான் ஆறேழு வயதில் விழும் என்று சொல்லுங்கள். கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டும். அவற்றை வைத்துத்தான் பிள்ளை மென்று சாப்பிடும், பின்னால் வரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதும் அவைதான். சொத்தை வேர் வரை போய்ச் சீழ் பிடித்தால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லுக்கும் பாதிப்பு வரலாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு எட்டுப் பத்துப் பற்களில் ஒரே நேரத்தில் வேலை இருந்தால் நாற்காலியில் உட்காரவைத்துச் செய்ய முடியாது. பல சமயம் முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டிவரும். பெற்றோர் கையெழுத்துப் போடும் அந்த நிமிடத்தில் யாருக்கும் ஜூஸ் பாக்கெட் நினைவுக்கு வராது.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் உறுதியானவை. இனி, பலரும் உறுதி என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஆனால் அப்படியில்லாத சில. சர்க்கரை சாப்பிட்டால் பிள்ளைகள் துறுதுறுவென்று ஆடுவார்கள் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தெரியாமல் சர்க்கரையோ சர்க்கரைச் சுவை மட்டுமுள்ள ஒன்றோ கொடுத்துச் செய்த பல ஆய்வுகளை 1995ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, நடத்தையில் வித்தியாசம் தெரியவில்லை. அதற்கு முந்தைய வருடம் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனை இன்னும் சுவையானது. எல்லாச் சிறுவர்களுக்கும் சர்க்கரையே இல்லாத பானம் கொடுத்துவிட்டு, பாதித் தாய்மார்களிடம் மட்டும் 'உங்கள் மகனுக்குச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்' என்றார்கள். அந்தத் தாய்மார்கள் தங்கள் பிள்ளை அடங்கவில்லை என்று மதிப்பிட்டார்கள், கூடவே நின்று கண்டித்துக்கொண்டும் இருந்தார்கள். பிறந்தநாள் விருந்தில் பிள்ளைகள் ஆடுவதற்குக் காரணம் கேக் என்பதைவிட, இருபது பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பது என்று நினைப்பதே பொருத்தம்.

சிறுவயதுச் சர்க்கரை பிற்காலத்தில் நீரிழிவைக் கொண்டுவருமா? இதற்கு 2024ல் வந்த ஓர் ஆய்வு வலுவான குறிப்பைத் தருகிறது. பிரிட்டனில் போர்க்காலத்தில் தொடங்கிய சர்க்கரை ரேஷன் 1953 செப்டம்பரில்தான் முடிந்தது. முடிந்ததும் மக்கள் சாப்பிடும் சர்க்கரை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. கருவில் இருந்த காலமும் முதல் இரண்டு வருடமும் ரேஷன் காலத்தில் கழிந்தவர்களையும், ரேஷன் முடிந்த பிறகு கருவானவர்களையும் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு ஒப்பிட்டபோது, முன்னவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு ஏறத்தாழ 35 சதவீதமும் ரத்தக்கொதிப்பு 20 சதவீதமும் குறைவாக இருந்தது. கவனிக்க: யாரும் யாருக்கும் சோதனை செய்து பார்க்கவில்லை, வரலாறு தானாக அமைத்துக்கொடுத்த ஒப்பீடு இது. உங்கள் மகன் ஒரு ஸ்பூன் கற்கண்டு சாப்பிட்டதால் அவனுக்கு நீரிழிவு வரும் என்று இதிலிருந்து யாரும் சொல்ல முடியாது. முதல் இரண்டு வருடத்தில் சர்க்கரையைத் தவிர்ப்பதால் இழப்பு ஒன்றுமில்லை, லாபம் இருக்க வாய்ப்புண்டு என்று சொல்லலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, இதைச் சொல்லாமல் விட்டால் என் பதில் ஒருதலைப்பட்சமாகிவிடும். நான்கு வயதுப் பிள்ளையிடம் இனிப்பே கிடையாது என்று அடியோடு மறுப்பதும் எதிர்வினை தருகிறது. மழலையர் பள்ளிப் பிள்ளைகளை வைத்து 1999ல் செய்த ஓர் ஆய்வில், ஒரு தின்பண்டத்தைக் கண்ணில் படும்படி வைத்துவிட்டு இப்போது எடுக்கக் கூடாது என்றபோது, பிள்ளைகள் அதைப் பற்றியே பேசினார்கள், அதையே கேட்டார்கள். அனுமதி கிடைத்ததும் அதையே தேடி எடுத்தார்கள். அதே போல, 'இரண்டு வாய் சோறு சாப்பிட்டால் சாக்லேட்' என்று பேரம் பேசினால் சோறு தண்டனையாகவும் சாக்லேட் பரிசாகவும் பிள்ளையின் மனதில் பதிந்துவிடும். ஊசி போட்டதற்கு மிட்டாய், அழுகையை நிறுத்த மிட்டாய், பேருந்தில் அமைதியாக இருக்க மிட்டாய் எல்லாம் இந்த வகைதான். அவசரத்துக்கு ஒருநாள் செய்வதைப் பற்றி நான் பேசவில்லை, அதுவே வீட்டு வழக்கமாவதைச் சொல்கிறேன். ஆகவே கண்ணில் படாமல் இருப்பதே நல்லது. வீட்டில் வாங்கி வைக்காதீர்கள், கிடைக்கும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள், அந்த நாளில் தாராளமாகக் கொடுங்கள், கொடுத்த பிறகு குற்றம் சொல்லாதீர்கள்.

இனித் தாத்தா. அவர் தினமும் பேத்தியைக் கடைக்குக் கூட்டிப்போவதை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். அந்த அரை மணி நேரம் அவருக்கும் முக்கியம், அவளுக்கும் முக்கியம். பாக்கெட் அதில் ஒரு சாக்குதான். கடைக்குப் போகட்டும், வாங்குவது மாறட்டும். வேர்க்கடலை, சுண்டல், கொய்யா, வாழைப்பழம், கோடையில் இளநீர் என்று தாத்தாவே ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளட்டும். இளநீரிலும் இயற்கைச் சர்க்கரை உண்டு, ஆனால் பாக்கெட் பானத்தின் அளவில் பாதிகூட இருக்காது. ஞாயிற்றுக்கிழமையை முழுக்க அவருக்கே கொடுத்துவிடுங்கள். அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவள் கேட்கும் இனிப்பைத் தாத்தாதான் வாங்கித் தருவார், நீங்கள் வாயே திறக்கக் கூடாது. ரோஸ்மில்க்கோ ஐஸ்கிரீமோ ஜிகர்தண்டாவோ, அவர்கள் இருவர் பாடு. 'அப்பா, ஞாயிற்றுக்கிழமை உங்கள் பொறுப்பு' என்று உங்கள் கணவர் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லக் கூடாது. மருமகள் வாயிலிருந்து வந்தால் அது தடை. மகன் வாயிலிருந்து வந்தால் ஏற்பாடு. நியாயமா என்று கேட்காதீர்கள், பலன் இருக்கிறது. முதல் இரண்டு வாரம் மாலையில் அழுகை இருக்கும். அதற்கு மேல் நீடித்தால் நடுவில் யாரோ ஒருவர் ரகசியமாக வாங்கிக் கொடுக்கிறார் என்று அர்த்தம்.

மாமியாரிடம் வேறு வழி. அவருக்குப் புட்டியில் இருக்கும் பிடிப்பு, பேரன் வெறும் பாலைக் குடிக்க மாட்டான் என்ற பயத்தால் வந்தது. ஒரே நாளில் கற்கண்டை எடுத்துவிடலாம் என்று மேலே சொன்னேன். பல்லுக்கு அதுதான் நல்லது. அவர் சம்மதிக்காவிட்டால், ஒரு வாரம் தினமும் பாதியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பாலைப் படுக்கைக்கு முன்பே கொடுத்து, பல்லைத் துடைத்துவிட்டுத் தூங்கவையுங்கள். நடுவில் புட்டி கேட்டால் வெறும் தண்ணீர். பகலில் கிண்ணத்திலோ டம்ளரிலோ குடிக்கப் பழக்கினால் ஒன்றரை வயதுக்குள் புட்டியையே விட்டுவிடலாம்.

பள்ளி ஆரம்பித்துவிட்டால் உங்கள் கை ஓரளவு கட்டப்பட்டுவிடும். பள்ளி கேன்டீனிலும் வாசலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020லேயே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது, 2025ல் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் எந்தப் பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் பலகை வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளி வாசலில் ஒரு மாலை நின்று பார்த்தால் விதிக்கும் வாசலுக்கும் உள்ள தூரம் தெரியும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஏறக்குறைய வாரம் ஒரு பிறந்தநாள் வரும், ஆளுக்கொரு சாக்லேட்டும் வரும். அதைப் பிடுங்கிவிடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தின்னலாம், பிறகு பல் துலக்கலாம் என்பதை இப்போதே பழக்குங்கள். உங்கள் மகளின் பிறந்தநாளுக்குப் பென்சிலோ ஸ்டிக்கரோ கொடுத்தனுப்பினால் மற்ற பெற்றோர் உங்களை வாழ்த்துவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் தவறு நடந்தால் பல்லோடு போகாது. வயிற்றுப்போக்கின்போது மருந்துக்கடையில் அட்டைப்பெட்டியில் கிடைக்கும் இனிப்பான 'எலக்ட்ரோலைட்' பானங்களை ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்புக்கரைசல் என்று நினைத்துக் கொடுக்காதீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கும், கூடவே 2.6 கிராம் உப்பு. கடை பானங்களில் பலவற்றில் சர்க்கரை அதைப்போலப் பல மடங்கு. கூடுதல் சர்க்கரை குடலில் தண்ணீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருடக்கணக்கில் போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் இத்தகைய பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடுவதை ஆணையம் தடைசெய்தது. பொட்டலத்தில் உலகச் சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எதிர்த்திசையில் ஒரு விதிவிலக்கு: முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைக்கு ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கினால் ஜூஸும் குளுக்கோஸும்தான் மருந்து. அந்த வீடுகள் நான் சொன்னவற்றை விட்டுவிட்டுத் தங்கள் மருத்துவர் கொடுத்த திட்டத்தின்படியே நடக்க வேண்டும்.

முதல் பல் முளைத்து ஆறு மாதத்துக்குள், அல்லது முதல் பிறந்தநாளுக்குள், பிள்ளையை ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. உங்கள் மகனுக்கு அந்த நாள் அடுத்த மாதம். அப்போது மகளையும் கூட்டிப்போய்க் கடைவாய்ப் பற்களைப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் மாமனார், மாமியார் இருவரையும் கூட அழைத்துப் போங்கள். பேரனின் உதட்டைத் தூக்கி அந்த வெள்ளைக் கோட்டை அவர்கள் கண்ணாலேயே பார்க்கவைப்பதும், கற்கண்டைப் பற்றிப் பேசுவதும் அந்த மருத்துவரின் வேலை. அதை நீங்கள் செய்ய வேண்டியதில்லை.